குவிச்சு வச்ச கல்

மலைக்குப் போகலாம் என்று ஆரம்பித்து வைத்தது கொத்தனாரின் மனைவிதான். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வாரம் முழுக்க ஆவியில் வெந்து கிடப்பவள். "குளிர்ந்த காத்து ஒரு நாள் மூஞ்சில படணும், வேற ஒண்ணும் கேக்கல" என்றாள். அதற்கு மேல் கொத்தனார் என்ன பேச முடியும்?

சொந்த வண்டி இல்லாதவர்களுக்கும் மலை உண்டு. நகரத்திலிருந்து ஒரு பஸ், கூட்டுரோட்டில் இறங்கி இன்னொரு பஸ். அந்த இரண்டாவது பஸ் வளைந்து வளைந்து ஏறி, வனப்பூங்காவின் வாசலில் எல்லாரையும் உதிர்த்துவிட்டுத் திரும்பிவிடும். சாயங்காலம் ஒரே ஒரு தடவை மறுபடி வரும். அதை விட்டால் கூட்டுரோடு வரைக்கும் கால்தான் கதி.

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்றார் டிரைவர். "அஞ்சு மணிக்கு எடுத்துடுவேன். என் மாமியாரே ஓடி வந்தாலும் நிக்க மாட்டேன்."

"மாமியாருன்னா இன்னும் வேகமா எடுப்பீங்க" என்றது பின்சீட்டிலிருந்து ஒரு குரல். பஸ்ஸே சிரித்தது. தபாலாபீசில் முத்திரை குத்தி ஓய்வு பெற்ற அம்மா அது, கூட மகள். உச்சிவரை போகப் போவதாகச் சொல்லிவிட்டு, இறங்கியதும் இரண்டு பேரும் விறுவிறு என்று முன்னால் நடந்து மறைந்துவிட்டார்கள். கொத்தனாரும் மனைவியும் மெதுவாகத்தான் ஏறினார்கள்.

பாதி மலையில் மரங்கள் முடிந்து பெரிய புல்வெளி வந்தது. பாதை புல்லுக்குள் போய்த் தொலைந்துபோனது. குறுக்கே மேலிருந்து கசிந்த தண்ணீரில் ஒரே சேறு. மனைவி நின்றுவிட்டாள்.

"இருக்கிறது இந்த ஒரு ஷூ. நனைஞ்சா நாளைக்கு எதைப் போட்டுட்டு வேலைக்குப் போறது? வாங்க, திரும்பிடலாம்."

கொத்தனார் சுற்றுமுற்றும் பார்த்தார். சேற்றின் ஓரத்தில் இடுப்புயரத்துக்குக் கல் குவிந்திருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு குவியல். அதற்கும் அப்பால் இன்னொன்று. கட்டட வேலையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவருக்குக் கல் குவிந்து கிடந்தால் ஒரே அர்த்தம்தான். எவனோ சரக்கை இறக்கிவிட்டு வேலையைத் தொடங்காமல் போயிருக்கிறான்.

"சரக்கு கிடக்குது. ஆள்தான் வரல" என்று சட்டைக் கையை மடித்தார்.

"நம்ம வீட்டுத் தொட்டி உடைஞ்சு எத்தனை மாசமாச்சு! அதைப் பூசக் கை வரல, மலையில வந்து இலவச வேலையா?"

அவர் காதில் வாங்கவில்லை. மூன்று குவியலையும் பிரித்து, தட்டைக் கல்லாகப் பொறுக்கிச் சேற்றில் ஒவ்வொன்றாகப் பதித்தார். ஒவ்வொன்றின் மேலும் ஏறி நின்று ஆட்டிப் பார்த்தார். ஒரு கல்கூட அசையவில்லை. மனைவி ராணி மாதிரி கடந்துபோனாள். "பரவால்ல, கையில இன்னும் சரக்கு இருக்கு" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் இன்னொரு மலையையே பெயர்த்திருப்பார்.

மேலே இருந்த சின்ன ஏரியின் கரையில் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருக்கும்போதே இறங்கி வந்தார்கள். பஸ் வந்து நின்றிருந்தது. டிரைவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"என் மாமியாரை வம்புக்கு இழுத்த அம்மா எங்கே?"

"உச்சிக்குப் போனவங்க. இன்னும் வரலியா?" என்றார் கொத்தனார்.

"மேல பனிமூட்டம் இறங்கிடுச்சே... சரி, பயமில்ல. புல்வெளியில கல்லுக் குவியல் இருக்கும். அதைப் பிடிச்சே வந்துடுவாங்க."

"எந்தக் குவியல்?"

"பாதை தெரியாத இடத்துல வழி காட்டறதுக்குக் குவிச்சு வச்சிருக்காங்களே, அது. அதை விட்டு விலகினா பள்ளம்தான்."

கொத்தனார் மனைவியைப் பார்த்தார். மனைவி வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ... நீங்க பிரிச்சுப் போட்டது!"

"பிரிச்சுட்டீங்களா?" டிரைவர் துணியைக் கீழே போட்டார். "இங்க போன் வேற எடுக்காது. கூட்டுரோட்டுக்குப் போனதும் வனக்காவல்ல சொல்றேன். ஆனா அவங்க ஏறி வர நேரமாகும்."

கொத்தனார் ஏற்கெனவே திரும்பிவிட்டார். "நீ பஸ்ல ஏறிப் போயிடு. நாளைக்கு வேலை இருக்கு உனக்கு."

"என் வேலையை நான் பாத்துக்கறேன். நீங்க பாத்து வச்ச வேலையைப் போய்ப் பாருங்க. ஓடுங்க!"

புல்வெளி இருந்த இடத்தில் இப்போது வெள்ளைதான் இருந்தது. அவர் பதித்த கற்கள் வரை தட்டுத்தடுமாறி வந்துவிட்டார். ஒருவரும் இல்லை. கீழே நிற்கிற ஆளுக்குச் சாரத்து உச்சியிலிருந்து கலவை கேட்கிற குரலை எடுத்தார்.

"ஓ...ய்! அம்மா...!"

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். தொண்டை கிழிந்தது. பள்ளத்துப் பக்கமிருந்து மெல்லிசாக ஒரு விசில் கேட்டது.

"அங்கேயே நில்லுங்க! ஒரு அடி வைக்காதீங்க! நான் வர்றேன்!"

பதித்த கல்லைப் பெயர்த்துக் கை நிறைய அள்ளிக்கொண்டார். நாலு எட்டுக்கு ஒரு கல்லாகப் போட்டுக்கொண்டே, கூப்பிட்டுக்கொண்டே போனார். கல் தீர்ந்தால் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார். தபாலாபீஸ் அம்மா புல்லில் உட்கார்ந்திருந்தாள். மகள் அவள் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவர்களுக்குக் கொஞ்சம் அப்பால் புல் முடிந்தது. அதன் பிறகு ஒன்றுமே இல்லை.

"சேத்து ஓரம் வரைக்கும் சரியாத்தான் வந்தோங்க" என்றாள் மகள். "குவியலைக் காணோம். காலையில இல்லாத கல்லுப் படி ஒண்ணு இருந்துச்சு. வழி தப்பிட்டோம்னு நினைச்சு இந்தப் பக்கம் திரும்பிட்டோம்."

"நீங்க நல்லா இருக்கணும் தம்பி" என்றாள் அம்மா. "எந்தப் புண்ணியவான் பெத்த பிள்ளையோ."

வாயை மூடிக்கொண்டு வாழ்த்தை வாங்கிக்கொண்டிருக்கலாம். முடியவில்லை.

"அம்மா, அந்தக் குவியலைப் பிரிச்சதே நான்தான். வேலைக்கு இறக்கின கல்லுன்னு நினைச்சுட்டேன். படியும் நான் போட்டதுதான்."

அந்த அம்மா அவரையே பார்த்தாள். பிறகு முத்திரை குத்துகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "அப்ப, பிரிச்சவரே அடுக்குங்க. நாளைக்கும் ஆளுங்க வருவாங்க."

"அம்மா, பஸ்சு..." என்றாள் மகள்.

"போகட்டும்."

அவர் போட்டுவைத்த கற்களைப் பிடித்தே மூன்று பேரும் சேற்றுக்குத் திரும்பினார்கள். மகளும் கல் தூக்கினாள். பழைய இடம் புல்லில் வெளுப்பாகத் தெரிந்தது. அதன் மேலேயே அடுக்கினார். கை பழக்கம், குவியல் தூக்குக்குண்டு பிடித்த மாதிரி நிமிர்ந்து நின்றது.

"இது வாசல் தூண் மாதிரி இருக்கு" என்றாள் மகள்.

"கோணலா வைக்கக் கை வரமாட்டேங்குதும்மா."

"விடு, தூரத்துலயே தெரியும்" என்றாள் அம்மா.

மூன்றாவதை முடிக்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கீழே வந்தால் பஸ் இல்லை. நிழற்குடையில் மனைவி மட்டும் எழுந்து நின்றாள். வந்த தலைகளை எண்ணினாள். எண்ணி முடித்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

"நீ போகலியா?" என்றார் கொத்தனார்.

அவள் அவரைத் தாண்டிப் போனாள். அந்த அம்மாவின் கையைப் பிடித்தாள். "அவரை மட்டும் திட்டாதீங்கக்கா. கால் நனையக் கூடாதுன்னு அடம் பிடிச்சது நான். குறுக்க நின்னு தடுத்திருக்கணும்; நல்லா இருக்குன்னு சொல்லிட்டு அது மேல நடந்தேன்."

தபாலாபீஸ் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஆனால் கையை உருவிக்கொள்ளவில்லை. முழங்காலை நீவிவிட்டுத் தார்ரோட்டைப் பார்த்தாள். வனக்காவல் ஜீப் எதிரே வந்தால் அதிர்ஷ்டம். வராவிட்டால் கூட்டுரோடு வரைக்கும் இறக்கம்தான்.

கொத்தனார் மரியாதைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். அந்த அம்மா திரும்பினாள்.

"நீங்க முன்னாடி நடங்க தம்பி. பின்னாடி விட்டா ரோட்டையும் பேத்தெடுத்துடுவீங்க."

மனைவிதான் முதலில் சிரித்தாள். கொத்தனார் முன்னால் போனார்.