கேமராவுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவள்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி ஒரு பழைய நடிகை இதை என் தலையில் கட்டினார். "நீதான் எழுதறவளாச்சே, எழுதிக்கோ. ஆனா அதுக்கு முன்னாடி உங்கம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லு. என்னை மன்னிச்சுட்டாளா?"

அவருக்கு எண்பத்தாறு வயது. நாளை காலை ஏழு மணிக்கு இதய ஆபரேஷன். டாக்டரிடம் பிழைப்பாரா என்று கேட்டால் கையிலிருக்கும் காகிதத்தைப் பார்க்கிறார். எனவே இது அவசரமாக எழுதும் கதை.

2

தொடக்கம் ஒன்று: "பன்னிரண்டு வயதில் மேடையேறிய அந்தச் சிறுமி, பின்னாளில் நாடக உலகின் முடிசூடா—"

(இரங்கல் செய்தி மாதிரி இருக்கிறது. ஆள் இன்னும் இருக்கிறார்.)

தொடக்கம் இரண்டு: "அவருடைய தாழ்ந்த பார்வை—"

(இதை எழுதாத பத்திரிகையே இல்லை. ஆனாலும் இதை விட்டால் கதை நகராது.)

திரையில் அவர் யாரையும் நேராகப் பார்க்க மாட்டார். கண் கொஞ்சம் கீழே நிற்கும். நாணம் என்றார்கள், அடக்கிய துயரம் என்றார்கள், ஒருவர் புத்தகமே போட்டார். விஷயம் ரொம்பச் சாதாரணம். மேடையில் பதினைந்து வருஷம் திரைக்குப் பின்னாலிருந்து என் அம்மா வசனம் எடுத்துக்கொடுத்து அவருக்குப் பழக்கம். சினிமாவுக்கு வந்ததும் ஒலிப்பதிவுக்காரர் அம்மாவை வாயைத் திறக்க விடவில்லை. அதனால் கேமராவுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைப்பாள். அக்கா அந்த உதட்டைப் பார்த்துப் பேசுவார்.*

* அம்மா அவரை அக்கா என்பாள். எனக்குப் பெரியம்மா. ரத்த சம்பந்தம் கிடையாது.

3

இனிச் சொல்ல வேண்டியதைத்தான் நான்கு நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெரியம்மாவின் பெயரை நிலைநிறுத்திய படம். மகளைப் பறிகொடுத்த தாய் தனியாகப் பேசும் காட்சி. விளக்கைச் சரிபார்க்கும் இடைவெளியில் ஸ்டுடியோ வாசல்காரர் அம்மாவிடம் ஒரு சீட்டைக் கொடுத்தார். எனக்கு மூத்தவளுக்கு அப்போது மூன்று வயது, இரண்டு நாளாகக் காய்ச்சல். "மோசமாக இருக்கிறது. உடனே வரவும்." அப்பாவின் கையெழுத்து.

அம்மா சீட்டை மடித்து வசனத் தாளுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

(இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தை நான் நம்பவில்லை. எந்தத் தாய் உட்காருவாள்? மூன்று முறை அவளை எழுந்து ஓட வைத்து எழுதினேன். மூன்றையும் அடித்தேன். அவள் ஓடவில்லை.)

பெரியம்மா சொன்னது இது: "டேக் ஓடுது. அவ உதடு நடுங்குது. எனக்குப் புரிஞ்சுபோச்சு, வீட்டுல ஏதோ பெருசா நடந்திருக்குன்னு. நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. நல்லா வந்துக்கிட்டிருந்துச்சு. அந்த நடுக்கத்தை அப்படியே வாங்கி என் உதட்டுல போட்டுக்கிட்டேன். முடிஞ்சதும் டைரக்டர் இன்னொண்ணு போலாமான்னாரு. போலாம்னேன். தெரிஞ்சே சொன்னேன்டி."

இரண்டாவது டேக் முடிந்து அம்மா வீடு போனபோது குழந்தை இல்லை. பத்து நிமிஷத்துக்கு முன்புவரை அம்மா, அம்மா என்று கேட்டுக்கொண்டிருந்ததாம்.

அதன் பிறகு அம்மா வேலைக்குப் போகவில்லை. பெரியம்மா மேலும் நாற்பது படம் நடித்தார். கதாநாயகி, அண்ணி, மாமியார், கடைசியில் வசனமே இல்லாத நோயாளி. அம்மாவிடம் வந்து நிற்க மட்டும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

4

நேற்றுக் கேட்டேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சியாம்மா?"

"அக்காவையா? எதுக்கு?"

"இன்னொரு டேக்குக்கு ஒத்துக்கிட்டதுக்கு."

அம்மா ஒரு தலையணை உறையை மூன்று தரம் பிரித்து மடித்தாள். "டைரக்டர் தானா கேக்கலடி. நான் விரலைத் தூக்கினேன்."

வரி விட்டுப்போனால் விரலைத் தூக்க வேண்டும். அது அவள் வேலை. உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மாவுக்கு அந்த விரல் தெரிந்திருக்காது. டைரக்டருக்குத் தெரிந்தது.

"அக்கா ஒரு வரியை விட்டுட்டாங்க. பதினஞ்சு வருஷத்துல ஒரு வரி விட்டதில்ல எங்க மேடையில. எனக்குப் பொறுக்கல. கை தானா போயிடுச்சு. மடியில சீட்டு இருக்கு, கை மேல போயிடுச்சு."

அம்மா அடுத்த உறையை எடுத்தாள்.

"அதுவும் படத்துல வந்தது முதல் டேக்குதான். அந்த வரி இல்லாமலேயே ஓடுச்சு. யாராவது கண்டுபிடிச்சாங்களா?"

அந்தப் படத்தை நான் பதினேழு முறை பார்த்திருக்கிறேன். கண்டுபிடிக்கவில்லை.

"உங்கப்பா சாகற வரைக்கும் அக்காவைத்தான் திட்டினாரு. திட்டட்டும்னு விட்டேன். இதை அவங்ககிட்ட சொல்லிடாத. மன்னிச்சுட்டேன்னும் சொல்லாத. மன்னிக்க நான் யாரு?"

5

முடிவு அ: உண்மையைச் சொல்கிறேன். பெரியம்மா லேசான மனதோடு உள்ளே போகிறார். அம்மா அதன் பிறகு என் முகத்தைப் பார்ப்பாளா தெரியாது.

முடிவு ஆ: "அம்மா மன்னிச்சுட்டாங்க" என்று புளுகுகிறேன். பொய்யை நிஜம்போலச் சொல்லியே அறுபது வருஷம் பிழைத்தவரிடம் இந்தப் பருப்பு வேகாது. பாதி வார்த்தையிலேயே பிடித்துவிடுவார்.

முடிவு இ: ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இருவரும் ஒருநாள்—

(இது எனக்கு நானே சொல்லிக்கொள்வது.)

உங்களிடம் சொன்னது மட்டும் துரோகம் இல்லையா என்று கேட்பீர்கள். இதை நான் இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை. அம்மா பக்கத்து அறையில் துணியை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நடுவே கதவுகூட இல்லை, திரைதான். நான் என்ன பேசினாலும் அவளுக்குக் கேட்கும்.

போன் அடிக்கிறது. பெரியம்மாதான். பக்கத்து அறையில் அலமாரிச் சத்தம் நின்றுவிட்டது. இரண்டு பேரில் ஒருத்தியை நான் இப்போது கைவிட்டாக வேண்டும். யாரை என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் போனை எடுக்கிறேன்.