பொட்டு வைத்த கார்

புக்கிட் ரோத்தானில் சேதுவின் பட்டறையில் பந்தயப் பிரியர்களுக்காகச் சின்னக் கார்கள் தயாராகும். வருஷத்துக்கு நாலைந்துதான். ஆனால் சேதுவின் வாய் பெரிய கம்பெனி அளவுக்கு ஓடும். "என் மக ஓட்டுற காருதான் உங்களுக்கும்" என்று சொல்லியே வியாபாரத்தை முடித்துவிடுவார்.

இந்த முறை செய்த மூன்று கார்களில் இரண்டின் அடிச்சட்டத்தில், முன்சக்கரத்தைத் தாங்கும் இடத்தில் வெல்டிங் விரிசல் விட்டிருந்தது. வேகமாகப் போகும்போது ஒரு குழி போதும், சக்கரம் தனியாகக் கழன்று ஓடிவிடும். வெல்டர் அப்பளசாமி, "ரெண்டையும் வெட்டிப் போட்டுறலாம் பாஸ்" என்றார்.

"பட்டி பூசி பெயிண்ட் அடிலா. வாங்குறவன் அடியில படுத்தா பாக்கப் போறான்?" என்றார் சேது. "நல்லதுல மட்டும் சீட்டுக்கு அடியில ஒரு குங்குமப் பொட்டு வை. அது நித்தியாவுக்கு."

ஊரான் பிள்ளைக்குப் பட்டி, தன் பிள்ளைக்குப் பொட்டு. நல்ல நியாயம்தான்.

ஆயுத பூஜையன்று கார்களை எடுத்துப்போக ரவாங்கிலிருந்து கணேஸ்வரனும் ஜீவனும் வந்திருந்தார்கள். சேது முதல் காரின் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பொட்டு இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. மூன்றாவதிலும்.

"ஒண்ணுல மட்டுந்தாங்க வச்சிருந்தாங்க" என்றாள் அவர் மனைவி லீலாவதி, குங்குமம் ஒட்டிய விரலோடு. "மத்த ரெண்டும் என்ன பாவம் பண்ணுச்சு? அதே எடத்துல நானே வச்சுட்டேன்."

"மொதல்ல எதுல இருந்துச்சு?"

"மூணும் ஒரே மஞ்சளு. எனக்கு எப்படித் தெரியும்?"

சேது அப்பளசாமியைத் தனியே இழுத்துக் கேட்டார். "பட்டியச் சொரண்டுனாத்தான் தெரியும் பாஸ்" என்றார் அவர்.

வாங்க வந்தவர்கள் கண்ணெதிரே எப்படிச் சுரண்டுவது? அதற்குள் நித்தியா நடுக்காரில் ஏறிச் சாவியைத் திருகிவிட்டாள்.

"தங்கச்சி மொதல்ல ஓட்டிக் காட்டட்டும். அப்புறம் நாங்க எடுக்குறோம்" என்றான் கணேஸ்வரன்.

"வாங்கப்பா, கம்போங் குவாந்தான் வரைக்கும் ஒரு ரவுண்டு" என்று பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள் நித்தியா.

இறங்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் மகள் பிழைப்பாள், பட்டறை பிழைக்காது. சேது கதவைப் பிடித்தபடி நின்றார். உள்ளே வைக்கக் கால் வரவில்லை.

"கஸ்டமர் இருக்காங்கம்மா. நீ போயிட்டு வா."

கதவை அவரே சாத்தினார். மெதுவாகப் போ என்றுகூடச் சொல்லவில்லை. இரண்டு பேர் கேட்டுக்கொண்டு நின்றார்களே.