மாமனார் நடந்துபோகும் படம்

அக்காள் புருஷனும் கொழுந்தியாளும் கேலி பேசிக்கொள்வது மற்ற வீடுகளில் நடக்கிற கதை. இந்த வீட்டில் இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துத் தொலைத்ததால் கீரியும் பாம்புமாகத்தான் இருந்தார்கள். அவர் வயிற்று அறுவைப் பிரிவின் தலைவர். அவள் கீழ்த்தளத்து ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் டாக்டர், வீட்டுக்குச் சின்னவள். அவர் கத்தி வைத்த வயிறுகளின் ரத்தமெல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும்.

இப்போதைய சண்டை அப்பாவின் வயிற்றை வைத்து. ஸ்கூட்டர் சறுக்கி, கைப்பிடி அடிவயிற்றில் குத்தி, குடல் கிழிந்துவிட்டது. மாப்பிள்ளையே திறந்து தைத்தார். அதில் சின்னவளுக்குக் குறையில்லை. அந்த மனுஷனுக்கு வாய் எப்படியோ, கை சுத்தம். ஆனால் மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பப்போகிறாராம். சண்டை அதில்தான். தையல் விட்டுப்போகிறதென்றால் அப்போதோ அதற்கப்புறமோதான் விடும்.

எல்லாம் அவருடைய ஆராய்ச்சி செய்கிற வேலை. அடிபட்டு வயிறு கிழிந்து வருகிறவர்களுக்கு மூன்றாம் நாள் ரத்தத்தில் சி.ஆர்.பி. பார்ப்பார். உடம்புக்குள் எங்காவது அழற்சி கனன்றால் அந்த அளவு ஏறும். ஏறவில்லை, நோயாளியும் வலி இல்லை என்கிறார் என்றால் மூட்டை கட்டிவிடலாம் என்பது அவர் கண்டுபிடிப்பு. அடுத்த மாதம் மாநாட்டில் சொல்லிக் கைதட்டல் வாங்கப்போகிறார்.

சின்னவள் அவர் அறைக்கே போய் நின்றாள். அக்காவும் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

"அத்தான், குமட்டல் வரக்கூடாதுன்னு உங்க வார்டுல எல்லாருக்கும் ரெண்டு நாள் ஸ்டீராய்டு ஊசி போடறீங்க. வேற எந்த வார்டுலயும் அந்தப் பழக்கம் இல்ல. அது அழற்சிய அமுக்கும், சி.ஆர்.பி.யயும் சேத்து அமுக்கும். தர்மாமீட்டர ஐஸ் தண்ணில முக்கிட்டு காய்ச்சல் இல்லன்னு சொல்ற கதையா இருக்கு."

"ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டது யாரு? நீதானே?"

"நம்பர் சரிதான். நீங்க அத நம்பறதுதான் தப்பு."

"கீழ ரத்தம் கலக்கறவங்க கீழயே இருந்தா நல்லது," என்றார் அவர், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மாமாவே வலி இல்லங்கறாரு. உனக்கு எங்க வலிக்குது?"

அக்கா கைப்பையை மூடினாள். "அவருக்குப் பேரு வந்துட்டா உனக்குப் பொறுக்காதுடி. சின்ன வயசுலேர்ந்தே உனக்கு என்னப் பாத்தா வயித்தெரிச்சல்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவரோடு மல்லுக்கட்டி என்ன பயன்? அவள் வார்டுக்கு ஓடினாள். கட்டில் காலி. ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தால் வாசலில் அப்பா நடக்கிறார், மாப்பிள்ளையின் உதவி டாக்டர் எதிரே நின்று படம் எடுக்கிறான். சொந்த மாமனாரையே மூன்றாம் நாள் நடக்கவைத்து அனுப்பினேன் என்று மாநாட்டில் காட்ட வேண்டுமாம். அப்பா நன்றாகச் சிரித்தார்.

அவள் கீழே போய்ச் சேர்ந்தபோது அப்பா காருக்குள் இருந்தார். வழியனுப்ப மாப்பிள்ளையும் வந்து நின்றுகொண்டிருந்தார். கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்த அப்பாவின் விரல்கள் வெளுத்திருந்தன. அவள் அப்பாவின் சட்டைக்குள் கைவிட்டு வயிற்றைத் தொட்டாள். பலகை போல விறைத்திருந்தது.

"வலிக்குதாப்பா?"

"இல்லம்மா." கண் மாப்பிள்ளையிடம் போயிற்று.

"அங்க பாக்காதீங்க. என்னப் பாத்துச் சொல்லுங்க."

அப்பாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "ராத்திரியிலேர்ந்து உயிர் போகுதும்மா. மாப்பிள்ள இவ்வளவு பாடுபட்டுப் பண்ணியிருக்காரு. அவரப் பாத்து எப்படி வலிக்குதுன்னு சொல்றது?"

அன்று மாலையே மறுபடி வயிற்றைத் திறந்தார்கள். தையல் விட்டு உள்ளே கசிந்திருந்தது. அப்பா பிழைத்தார், ஆனால் வயிற்றில் துளை போட்டு மலம் போக ஒரு பை ஒட்டவேண்டியதாயிற்று. மாப்பிள்ளை அவள் பக்கமே வரவில்லை. அக்காதான் வந்தாள். "உசுரு பொழச்சாச்சுல்ல, இதோட விடு," என்றாள். அடுத்த நொடியே வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

மாநாடு அவர்கள் ஆஸ்பத்திரி அரங்கிலேயே நடந்தது. மாப்பிள்ளை அழைத்தாரென்று அப்பா பிடிவாதமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார், பையின் மேல் தொளதொளவென்று ஒரு சட்டையோடு. சின்னவள் பக்கத்தில். மாப்பிள்ளை பேசி முடித்து, கடைசிப் படத்தைத் திரையில் விட்டார். வாசலில் அப்பா சிரித்துக்கொண்டு நடக்கிறார்.

அரங்கம் கைதட்டியது. சின்னவளுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. எழுந்து மைக்கை வாங்கினாள்.

"இந்தப் படம் எடுத்த அன்னிக்கு சாயங்காலம் இவரு எங்க இருந்தாருன்னு சொல்லுங்க அத்தான். சொல்லிட்டுக் கைதட்டச் சொல்லுங்க."

சத்தம் அடங்கியது. மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போயிற்று. அக்கா எரித்துவிடுவது போலத் தங்கையைப் பார்த்தாள். ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டும் என்று மாப்பிள்ளை வாயைத் திறந்தார். அதற்குள் அப்பா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்துவிட்டார். கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. மாப்பிள்ள நல்லாத்தான் பாத்தாரு. வலியே இல்ல."

முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். அப்பா உட்கார்ந்து, மகளின் முழங்கையை இடித்தார்.

"நீயும் தட்டு. பாக்கறாங்க பாரு."