வேனுக்குக் கட்டிய பேண்டேஜ் துணி

சோலைச்சாமி தாலி கட்டியது வெள்ளத்தாய்க்கு. குடும்பம் நடத்தியது வேனோடு. இதை வெள்ளத்தாயே தெருக்குழாயடியில் நின்று சொல்லியிருக்கிறாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, வயிறு எரிந்து சொன்னாள்.

பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டுப் பென்ஷனோடு ராஜபாளையம் திரும்பிய மனுஷன், வந்த சூட்டோடு ஒரு பழைய வெள்ளை வேனை வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தார். ஸ்டாண்டில் அவருக்கு வாய்த்த இடம் ஜின்னிங் பேக்டரி வாசல். உள்ளே பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற மெஷின்கள் ஓட ஓட, பஞ்சுத் தூசி சுவர் ஏறிக் குதித்து வாசலுக்கு வந்துவிடும். வேனின் மூக்குக்குள்ளே ரேடியேட்டர், அதற்குப் பின்னால் பேட்டரியில் ஓடுகிற ஃபேன். எஞ்சின் சூட்டைத் தணிக்கக் காற்றை இழுக்கிற ஃபேன் பஞ்சையும் சேர்த்தே இழுக்கும். இழுத்ததெல்லாம் மெத்தை மாதிரி அப்பிக்கொள்ளும்.

காலையில் எழுந்ததும் அவருக்கு அதுதான் பூஜை. பல் விளக்கிய பழைய பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் மண்டி போட்டுவிடுவார். ஃபேன் இறக்கையை ஒவ்வொன்றாகத் தேய்த்து, இண்டு இடுக்கெல்லாம் ஊதி, துண்டால் ஒற்றி எடுத்து, அடேங்கப்பா, பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படிக் குளிப்பாட்ட மாட்டார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்பது வேறு விஷயம்.

"மிலிட்டரி, வண்டிக்குச் சாம்பிராணி போடலியா?" என்று மற்ற டிரைவர்கள் கிண்டல் பண்ணுவார்கள்.

"போங்கலே. ஃபேனு சுத்தமா இருந்தாத்தான் எஞ்சினுக்கு மூச்சு" என்பார்.

எஞ்சினின் மூச்சைப் பற்றி அம்புட்டு அக்கறை. அதே பேக்டரிக்கு உள்ளே, அதே பஞ்சுக்கு நடுவில் வெள்ளத்தாய் மெஷினுக்குப் பருத்தி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். புருவம் நரைத்து, தலை நரைத்து, மூக்குத்துளையில் வெள்ளை பூத்து, சாயங்காலம் வெளியே வரும்போது அவளுக்கே அவளைத் தெரியாது. பழைய சேலைக் கிழிசலை மூக்கில் கட்டிக்கொள்வாள். அதையும் மீறிப் பஞ்சு உள்ளே போனது. இருமல் வந்தது, நின்றது, பிறகு நிற்காமலே போனது. ஞாயிற்றுக்கிழமை லீவில் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். திங்கட்கிழமை உள்ளே காலெடுத்து வைத்ததும் கயிறு போட்டு இறுக்கினாற்போல நெஞ்சு பிடித்துக்கொள்ளும்.

வீட்டில் சொன்னாள். "கசாயம் வச்சுக் குடி" என்றார். அதோடு சரி.

ஒருநாள் சத்திரப்பட்டிக்குச் சவாரி போனவர் அங்கே நெய்கிற பேண்டேஜ் துணியில் ஒரு சுருள் வாங்கி வந்தார். வெள்ளை வெளேரென்று, ஊதினால் பறக்கிற மெல்லிய துணி. வெள்ளத்தாய்க்கு மனசு குளிர்ந்துவிட்டது. மனுஷன் வாயால் சொல்லாவிட்டாலும் உள்ளுக்குள் நினைத்திருக்கிறாரே என்று நினைத்தாள். பைத்தியக்காரி!

"மூக்குல கட்டுறதுக்கா வாங்கியாந்தீக?"

"ஆமா. வண்டி மூக்குல. பஞ்சு உள்ள போவாது பாரு."

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. இருந்தாலும் கேட்டாள். "எனக்கும் ஒரு முழம் கிழிச்சுத் தாங்களேன்."

"அளவு பார்த்து வாங்கியிருக்கேன்ட்டி. ஒனக்குத்தான் சேலைத்துணி இருக்குல்ல?"

நாலு மடிப்பாக மடித்து, வேனின் முகத்தை மறைத்து, நாலு மூலையிலும் இழுத்துக் கட்டினார். பஞ்சு உள்ளே போகாதது என்னமோ நிஜம். காற்றும் போகாது என்பது அந்தப் பட்டாளத்து மூளைக்கு எட்டவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, மெஷின் பக்கத்தில் வெள்ளத்தாய் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூச்சை உள்ளே இழுத்தால் பாதி வழியில் நின்றது. கூட வேலை பார்க்கிற சுடலைமாடத்தி அவளைக் கைத்தாங்கலாக வாசலுக்குக் கொண்டுவந்தாள்.

"அண்ணே, மூச்சு விட முடியாமக் கெடக்கா. ஸ்ரீவில்லிபுத்தூர்ல நெஞ்சு டாக்டர் இருக்காராம், ஒடனே கொண்டு போங்க. நானும் வந்திருவேன், சூப்பர்வைசர் விட மாட்டேங்காரு."

சோலைச்சாமி பதறத்தான் செய்தார். பதற்றத்திலும் ஒரு சாக்கை எடுத்து சீட்டின் மேல் விரித்தார். அவள் மேலெல்லாம் பஞ்சு. சீட்டில் ஒட்டுமே! சுடலைமாடத்தி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

மம்சாபுரம் விலக்கு வரைக்கும் வண்டி ஓடியது. அங்கே சூடு காட்டுகிற முள் சிவப்பில் போய் முட்டியது. ஓரங்கட்டி இறங்கினார். துணியைத் தொட்டால் பஞ்சு அடைத்த தலையணையாக இருந்தது. அதை அவிழ்த்து எறிந்துவிட்டுக் குனிந்து பார்த்தார். காற்றை இழுக்க முடியாமல் திணறி ஃபேனும் நின்றுபோயிருந்தது.

விலக்கில் கடை போட்டிருந்த டீக்கடைக்காரர் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். "அண்ணே, சூடு தணிஞ்சதும் தண்ணிய ஊத்திட்டு மெதுவா உருட்டிட்டுப் போயிருங்க. அக்கா மொகத்தப் பாருங்க, நீலம் பாரிக்கு."

"ஃபேனு சுத்தாமக் கெளப்புனா எஞ்சின் சீஸ் ஆயி இறுகிப்போயிரும். தெரியாமப் பேசாத."

துண்டை விரித்தார். நட்டுகளைக் கழற்றி வரிசையாக வைத்தார். வெள்ளத்தாய் கதவைத் திறந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, காற்றைத் தேடிக்கொண்டிருந்தாள். இம்புட்டு வெட்டவெளியில், இம்புட்டுக் காற்று அடிக்கிற இடத்தில், அவளுக்கு மட்டும் இல்லை.

தூரத்தில் பஸ் தெரிந்தது.

"பஸ்ஸுல போயிருவோம்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை நின்றாள்.

"வண்டிய ரோட்டுல போட்டுட்டா? ஆருட்டி பாத்துக்கிடுவா?"

"என்னைய ஆரு பாத்துக்கிடுவா?"

சோலைச்சாமி நிமிரவில்லை. "செத்த நேரம் பொறு. அந்தா ஒங் காலடியில பிரஷ்ஷு கெடக்கு, எடு."

எடுத்துக் கொடுத்தாள். இத்தனை வருஷப் பழக்கம், கை தானாகப் போனது. கொடுத்த கையை அப்படியே ரோட்டுப் பக்கம் நீட்டி பஸ்ஸை நிறுத்தினாள்.

டீக்கடைக்காரர்தான் பிடித்து ஏற்றிவிட்டார். "ஏட்டி! ஏ வெள்ளத்தாயி!" என்று பின்னால் சத்தம் கேட்டது. அவரும் ஓடி வந்து ஏறியிருக்கலாம். அவள் படியேறி உட்கார்கிற வரைக்கும் பஸ் நின்றுதான் கிளம்பியது. பிரஷ்ஷும் கையுமாக அவர் வண்டி பக்கத்திலேயே நின்றதை ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். ஒரு பெண் தன் தோளில் அவளைச் சாய்த்துக்கொண்டாள். கண்டக்டர் டிக்கெட் கேட்காமல் ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிட்டார். அவர்கள் யாருடைய பேரும் அவளுக்குத் தெரியாது.

ஆக்சிஜன் வைத்தார்கள். ஊசி போட்டார்கள். நெஞ்செல்லாம் பஞ்சுத் தூசிதான், இனி அந்தப் பேக்டரிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொன்னார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றும் சொன்னார்.

"இந்த நெலமையில தனியாவா வந்தீங்க?" என்று கேட்டாள் நர்ஸ் ஞானபாக்கியம். வெள்ளத்தாய் தலையை மட்டும் ஆட்டினாள்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு சோலைச்சாமி வந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தலையைக்கூட வாரியிருந்தார்.

"வண்டி இப்பம் கப்பல் கணக்காப் போகுது. நீ செத்த பொறுத்திருந்தா ரெண்டு பேரும் ஒண்ணா வந்திருக்கலாம். பஸ்ஸுல ஏறிட்டியே, பாத்தவுக என்ன நெனைப்பாக?"

ஞானபாக்கியம் குறுக்கே வந்து நின்றாள். "இது பொம்பளைக வார்டு. வீட்டு ஆளுன்னாத்தான் நிக்கலாம். அக்கா, இவுக ஒங்க வீட்டுக்காரரா?"

வெள்ளத்தாய் மூக்கிலிருந்து மாஸ்க்கை விலக்கினாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம்கூட வரவில்லை, ஆறிப்போயிருந்தது.

"இல்ல சிஸ்டர். இவுக வேன் டிரைவரு. வழியில எறங்கிட்டேன்."

"அப்ப வெளிய போங்கய்யா" என்றாள் ஞானபாக்கியம்.

சோலைச்சாமி வாயைத் திறந்தார். வெள்ளத்தாய் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.