முதலில் கயிறு

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் லில்லியின் இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. பல வருஷம் தெரியவில்லை. இப்போது உவரிக் கடற்கரை மணலில் மீன் ஏலம் போடும் இடம் வரை நடப்பதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள். வால்வை மாற்றியே ஆகவேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று பாளையங்கோட்டையில் டாக்டர் சொல்லிவிட்டார்.

"அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருக்கா?" என்று அவர் கேட்டார்.

"எங்களுக்கு அது வேண்டாம் சார். நாங்க பாத்துக்கிடுதோம்" என்றான் ஜெபஸ்டின், அவள் புருஷன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு லில்லி கேட்டாள், "எதை வச்சுப் பாப்பிய?"

"உன்னைக் கட்டிட்டு வந்தவன் நான்லாட்டி. ஊரான் வரிப்பணத்துல உன்னைக் காப்பாத்தணுமா? குடிச்சு ஈரலைக் கெடுத்தவனுக்கும் அதே அட்டை, உடம்பப் பேணுனவனுக்கும் அதே அட்டை. இது என்ன நியாயம்?"

ஜெபஸ்டினுக்குக் குடி கிடையாது, பீடி கிடையாது. யாரிடமும் கைநீட்டாமல் மீன்பிடி வள்ளம் ஒன்றைச் சொந்தமாக வாங்கியவன். அந்தப் பெருமையோடு அவன் பேசும்போது லில்லிக்கே சில சமயம் சரியென்று தோன்றும். அன்று தோன்றவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், வள்ளத்தில் வேலை செய்யும் ஜெனோ வீட்டு வாசலில் வந்து நின்றான். முகம் செத்துப்போயிருந்தது.

"அக்கா, வள்ளத்தை விக்கப் போறியளா? அங்கன ஒரு ஆள் வந்து எஞ்சினைப் பாத்துட்டு நிக்கான்."

லில்லி செருப்புக்கூடப் போடாமல் கிளம்பினாள். மணல் சுட்டது, மூச்சு இரைத்தது. ஜெனோ கையைப் பிடிக்க வந்தான்; தட்டிவிட்டாள். வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவளுக்குப் பேச்சே வரவில்லை. வாங்க வந்த ஆள் அவள் நிலையைப் பார்த்துவிட்டு, "பொறவு வாரேன் அண்ணாச்சி" என்று நகர்ந்துவிட்டான்.

"எதுக்குட்டி இப்படி ஓடி வந்த?" ஜெபஸ்டின் பதறினான்.

"இவன்கிட்டக் கேட்டியளா?" அவள் ஜெனோவைக் காட்டினாள். "உங்ககூடக் கடலுக்கு வாற மத்தவங்ககிட்டக் கேட்டியளா? நானே பாத்துக்கிடுதேன்னு சொல்லிட்டு அவங்க அடுப்பையும் சேத்துல்லா அணைக்கிய. இப்படிச் செஞ்சா நாலு வீடு சுமக்கணும். நாடு முழுக்கச் சுமந்தா ஒருத்தருக்கும் பாரம் தெரியாது."

"அதுக்காக, உடம்பைக் கெடுத்துக்கிட்டவனுக்கும்..."

"போன ஆடியில பக்கத்து ஊர் வள்ளம் எஞ்சின் நின்னு கிடந்துச்சே, இழுத்துட்டு வந்தியளே. எஞ்சினை ஏன் பராமரிக்கலன்னு கேட்டுட்டா கயிறு போட்டிய?"

"கரைக்கு வந்த பிறகு கேட்டேன். நல்லா ஏசுனேன்."

"அதைத்தான் நானும் சொல்லுதேன். முதல்ல கயிறு. ஏசுறதெல்லாம் பொறவு."

ஜெபஸ்டின் திறந்து கிடந்த எஞ்சின் மூடியை இழுத்துச் சாத்தினான். பிறகு ஜெனோவிடம், "ஏலே, அந்த ஆள்கிட்ட வள்ளம் விக்கலன்னு சொல்லிட்டு வா" என்றான்.

எழுதிக் கொடுத்ததில் அட்டை கிடைத்தது. ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஜெபஸ்டினுக்குக் கையில் ஜெபமாலை இருந்தும் ஜெபம் ஓடவில்லை. பக்கத்தில் மேலப்பாளையத்துக்காரி ஒருத்தி, சித்தி ஜனாபா என்று பெயர், தன் புருஷனுக்காகக் காத்திருந்தாள். அவருக்கு இதயத்தில் அடைப்பு. "பீடியை விடுங்கன்னு சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிச்சது" என்று அழுதாள். ஜெபஸ்டினுக்கு நாக்கு நுனி வரை ஒரு வார்த்தை வந்தது. அதை விழுங்கிவிட்டு, வெளியே போய் இரண்டு டீ வாங்கி வந்தான்.

லில்லி பிழைத்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கறாராகச் சொன்னார்: "வால்வு அரசாங்கம் கொடுத்தது. இனி மாத்திரையைத் தினமும் விழுங்க வேண்டியது நீங்கதான். ஒருநாள் விட்டாலும் ஆபத்து. மாசா மாசம் ரத்தப் பரிசோதனைக்கு வரணும்."

"அது என் பாடு சார்" என்றான் ஜெபஸ்டின். பல மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் பழைய தெம்பு தெரிந்தது.

சொன்னபடியே நடந்தான். அந்தோனியார் கோயில் திருவிழாவில் வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருந்த அன்றும், பெண்கள் கூட்டத்துக்கு நடுவே தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றான். "விழுங்கு, பாத்துட்டுப் போறேன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். லில்லி விழுங்கினாள்.

திருவிழா முடிந்ததும் அவன் ஜெனோவைக் கூட்டிக்கொண்டு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குக் கிளம்பினான். ஜெனோ வீட்டில் யாருக்கும் அட்டை இல்லை. ஜெனோவுக்கோ தினமும் சாயங்காலம் குடிக்காமல் இருக்க முடியாது. பஸ் பாளையங்கோட்டையைத் தாண்டும்வரை ஜெபஸ்டின் அவனை ஏசிக்கொண்டே வந்தான்.

"அண்ணாச்சி, என்னை அட்டை எடுக்கக் கூட்டிட்டுப் போறியளா, இல்ல சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணவா?" என்றான் ஜெனோ, தாங்க முடியாமல்.

"ரெண்டுக்கும்தாம்லே. இறங்கு, ஆபீசு வந்தாச்சு."

பின்னால் தாமிரபரணி நிறைந்து போய்க்கொண்டிருந்தது. வரிசை நீளமாக இருந்தது. இருவரும் போய்க் கடைசியில் நின்றார்கள்.