அவசரத்துக்கு ஒரு நம்பர்

பரணிக்கு நெஞ்சு அவ்வப்போது தாறுமாறாக அடித்தது. துடிப்பைக் கவனிக்கும் வாட்ச் ஒன்று கட்டிக்கொள்ளச் சொன்னார் டாக்டர். நெஞ்சு நின்றுவிடுமோ என்ற பயம் அவனுக்குப் பாதிதான். மீதிப் பயமெல்லாம் மேஸ்திரி விநாயக்கை நினைத்து. ஒயிட்பீல்டு கிடங்கில் சுமை ஏற்றும் ஒப்பந்த வேலை. கூடச் சுமை ஏற்றிய ராஜப்பா மார்வலி என்று ஒருநாள் உட்கார்ந்தபோது, அவனை "ரெஸ்ட் எடு, கூப்பிடறேன்" என்று அனுப்பினார் விநாயக். இன்னும் கூப்பிடவில்லை.

கிடங்கிலேயே சும்மா ஒரு வாட்ச் கொடுத்தார்கள். பரணி அதைத் தொடவில்லை. சும்மா வருகிற வாட்ச் யாரிடம் போய்க் கோள் சொல்லும் என்று தெரியாத அளவுக்கு அவன் அப்பாவி இல்லை.

மனைவி ரோஜாவோடு ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதிக்குப் போனான். செல்போன் கடை ஹேமந்த் பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தான்.

"சூப்பரா இருக்கும்ணா. ஆனா அக்கவுண்ட் தொறக்கணும். உங்க துடிப்பெல்லாம் அவங்க கம்பெனிக்குப் போவும்."

"போயி?"

"யாருக்கு விப்பாங்களோ, நமக்கு இன்னா தெரியும்?"

பரணி அதைச் சட்டென்று கீழே வைத்தான். "யாருக்கும் போவாததா ஒண்ணு குடு."

ஹேமந்த் உள்ளேயிருந்து கறுப்பாக, அழுது வடியும் ஒன்றைக் கொண்டுவந்தான். "இதுக்கு அக்கவுண்ட் வேணாம். எல்லாம் உங்க போன்லயே இருக்கும்."

"உயிர விட ஒளிக்கறதுதான் உங்களுக்குப் பெருசு," என்றாள் ரோஜா. இருந்தாலும் அதையே வாங்கினார்கள்.

போனில் எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டே ஹேமந்த் கேட்டான்: "துடிப்பு தப்புச்சின்னா ஒருத்தருக்கு மெசேஜ் போவும். அவசரத்துக்கு ஒரு நம்பர் சொல்லுங்கண்ணா."

"மேஸ்திரி நம்பர் போட்டுக்கோ," என்று பரணி மளமளவென்று ஒப்பித்தான். ரோஜாவும் தலையாட்டினாள்.

புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் தங்கச் சுரங்கத் தொழிலாளிகளின் பிள்ளைகள். பூமிக்கடியில் ஒருவன் விழுந்தால் வீட்டிலிருப்பவள் என்ன செய்வாள்? கேஜ் என்கிற சுரங்க லிஃப்டில் ஏற்றி மேலே கொண்டுவர மேஸ்திரிதான் வழி பார்க்க வேண்டும். அதனால் அவசரம் என்றால் முதலில் மேஸ்திரிக்குச் சொல்வது சுரங்கக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளில் ஊறிப்போன வழக்கம். சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷமாயிற்று, வழக்கத்தை யாரும் மூடவில்லை. ஊருக்கெல்லாம் ஒளித்த ரகசியத்தை யாருக்குத் தெரியக் கூடாதோ அவருக்கே அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டு, மனிதன் நிம்மதியாக வீட்டுக்கு நடந்தான்.

மறுநாள் காலை கிடங்குக்குப் போக சாம்பியன் ரீப்ஸில் ரயில் ஏறினான். கோரமண்டல் ஸ்டேஷன் தாண்டியதும் நெஞ்சு புரண்டது. மணிக்கட்டு அதிர்ந்தது. 'துடிப்பு சீராக இல்லை. விநாயக் மேஸ்திரிக்குச் செய்தி போகிறது. நலம் என்றால் நிறுத்தவும்.' கீழே எண்கள் குறைந்துகொண்டே வந்தன.

பரணி அவசரமாக நிறுத்து என்ற இடத்தை அழுத்தினான். வியர்த்த விரலை வாட்ச் ஏற்கவில்லை. சட்டையில் துடைத்து மறுபடி அழுத்தினான். பயத்தில் நெஞ்சு இன்னும் வேகமாக அடித்தது. அதைப் பார்த்து வாட்சும் இன்னும் பலமாக அதிர்ந்தது. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். மூன்றாம் முறை அழுத்தியதும்தான் அடங்கியது.

போனை எடுத்து விநாயக்கின் நம்பரை அழித்தான். அந்த இடத்தில் ரோஜாவின் நம்பரைப் பாதிவரை அடித்துவிட்டு நிறுத்தினான். செய்தி வந்தால் அவள் பதறிப்போய் முதலில் யாரைக் கூப்பிடுவாள்? மேஸ்திரியைத்தான். அடித்ததையும் அழித்தான். இனி விழுந்தால் யாருக்கும் தெரியாது. ஆனாலும் இடத்தைக் காலியாகவே விட்டான்.

உடனே போன் அடித்தது. ரோஜா.

"வாட்ச்சு கைல கீதா?"

"கீது."

"நேத்துதாங்க நான் நிம்மதியா தூங்கனேன். உங்களுக்கு ஒண்ணுன்னா அது யாருக்காச்சும் சொல்லிடும் இல்ல?"

நெஞ்சு மறுபடி ஒருமுறை இடறியது.

"சொல்லிடும்," என்றான் பரணி.