இருசாயி தீட்டிய முள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். துறையூர்ச் சந்தையில் தூண்டில் முள் வரத்து நின்றுபோனது. கப்பல் வந்தால்தான் சரக்கு என்று கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். மலைமேல் குண்டனி நாட்டில் ஓடை மீன் பிடிக்கிறவர்கள் இருக்கிற முள்ளைப் பொத்திப் பொத்திக் காக்க வேண்டியதாயிற்று. இருசாயியின் கைக்கு மதிப்பு வந்தது அப்போதுதான்.

அவள் புருஷன் அர்த்தனாரி மீன் பிடிப்பதில் கெட்டிக்காரன். ஆனால் வேலை முடிந்ததும் முள்ளை ஈரத்தோடு கூரையில் செருகிவிட்டுப் போகிறவன். துரு ஏறி அது பொடிந்துவிடும். கல்யாணமான புதிதில் அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இருசாயி அந்த வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். சாம்பல் போட்டுத் தேய்த்துத் துருவை எடுப்பாள். ஓடையில் பொறுக்கிய வழுவழுப்பான கல்லில் முனையைச் சாய்த்துச் சாய்த்து இழுப்பாள். பிறகு கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்துப் பார்ப்பாள். வழுக்கினால் மறுபடியும் கல்லுக்குப் போகும். நகத்தில் பதிந்து நின்றால் விளக்கெண்ணெய் தடவி மூங்கில் குழாயில் போட்டு வைப்பாள். மற்றவர்கள் தீட்டினால் முனை உருண்டு போகும். இவள் தீட்டியது முப்பட்டையாக மின்னும். எவன் தூண்டிலில் இருந்தாலும் இது இருசாயி கை என்று ஊரில் சொல்லிவிடுவார்கள்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஓடை அங்கங்கே அறுந்து குட்டையாக நின்றது. கோயிலடி மடுவில் மட்டும் தண்ணீர் வற்றவில்லை. இருந்த மீனெல்லாம் அங்கே வந்து மொய்த்தது. ஆனால் அது சாமி மீன். பொரி போடலாம், தொடக்கூடாது.

ஒருநாள் காலையில் பெரிய மீன் ஒன்று அந்த மடுவில் வயிறு மேலாக மிதந்தது. அதன் தாடையில் முள் குத்தியிருந்தது. அறுந்த நூல் தொங்கியது.

கோயில் வாசலில் ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர் கருப்பண்ணன் இருசாயியைக் கூப்பிட்டு முள்ளை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"பாரு கண்ணு. இது ஆரு தீட்டுன முள்ளு?"

முனையை அவள் பார்க்கவே வேண்டியதில்லை. வளைவு சற்றே கோணலாக இருந்தது. பாறையில் மாட்டி நிமிர்ந்துபோன முள் அது. அவள்தான் அடுப்பில் காய்ச்சித் திரும்ப வளைத்தாள். "இது சூடு பட்டதுங்க, பெரிய மீனுக்குத் தாங்காது" என்று சொல்லி அர்த்தனாரியிடம் கொடுத்தாள். வேறு யார் கைக்கும் அது போகவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். ஆண்கள் கூட்டத்தில் நின்ற அர்த்தனாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கும் கிடைக்காத மண்ணெண்ணெய் முந்தாநாள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று அவளுக்கு அப்போது விளங்கியது. புளியஞ்சோலைப் பக்கம் மரம் வெட்ட வந்திருந்த காண்ட்ராக்டர் ஆட்கள் மீனுக்கு எதையும் கொடுப்பார்கள்.

"நாந் தீட்டுனதுதானுங்க" என்றாள். மிச்சத்தை அவன் சொல்லட்டும் என்று நின்றாள்.

கவுண்டர் அவன் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்ற, அர்த்தனாரி?"

"முள்ளு சமாச்சாரம் பூரா அவ கைலதானுங்க. ஆரூட்டுக்குக் குடுத்தாளோ, எனக்கென்னங்க தெரியும்?"

"ஆருக்குக் குடுத்த? சொல்லு, இருசாயி."

அவன் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை அவள் விழுங்கியது அவன்மேல் இரக்கப்பட்டு அல்ல. இப்படிப்பட்ட ஒருத்தனோடு இத்தனை காலம் ஒரே வட்டிலில் தின்றோம் என்பதை ஊர் முன்னால் தன் வாயால் சொல்ல அவளுக்குக் கூசியது.

"தெரியலீங்க."

ஆடி நோன்பு கழிகிற வரைக்கும் அவள் ஊருக்குள் இருக்கக்கூடாது என்று தீர்ப்பானது. அவளிடம் முள் தீட்டி வாங்கியவர்கள்தான் முதலில் தலையாட்டினார்கள். தங்கள் மேல் சந்தேகம் திரும்பாமல் போனதே என்ற நிம்மதி அவர்களுக்கு.

அவள் துணியை மூட்டை கட்டும்போது அர்த்தனாரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"கொஞ்ச நாளைக்குத்தான புள்ள. நோன்பு கழிஞ்சதும் நானே வந்து கூட்டியாரேன். நானும் மாட்டிக்கிட்டா காட்டை ஆரு பாக்குறது?"

அவள் தீட்டுக்கல்லை எடுத்து மூட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

வாசலூர்பட்டியில் அவள் அண்ணன் காளியண்ணன் வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. அண்ணன் பெண்டாட்டி சென்னம்மாள் ஒரு சொல் கடிந்து சொன்னதில்லை. சாமைக்காட்டில் களையெடுத்துக்கொண்டு இருசாயி ஆடிக்காகக் காத்திருந்தாள். ஆடி வந்தது, போனது. ஆவணியும் போனது. காட்டு வழியில் ஆள் நடமாட்டம் கேட்டால் அவள் தலை தானாக நிமிரும்.

மழை பிடித்துக்கொண்ட பிறகு அவன் வந்தான். தூரத்திலேயே நடையை அடையாளம் கண்டுகொண்டாள். ஓடிவந்து முகம் கழுவி, அவன் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் துணிகளை மூட்டையாகக் கட்டிவிட்டாள். சென்னம்மாள் சிரித்தாள்.

அவன் மழையைப் பற்றிப் பேசினான். மிளகுக்கொடி பற்றிப் பேசினான். பிறகு மடியிலிருந்து மூங்கில் குழாயை எடுத்தான்.

"ஓடையில தண்ணி பொரண்டு போவுது, புள்ள. முள்ளெல்லாம் துருப்புடிச்சுக் கெடக்குது. நா தீட்டுனா உருண்டு போவுது. இதுல கவுண்டரூட்டு முள்ளும் இருக்குது. அவருதான் ஒங்கிட்டக் குடுத்து வாங்கியாரச் சொன்னாரு."

"நான் ஊருக்கு வாரதப் பத்திச் சொன்னாருங்களா?"

"அதப் பொறவு பேசலாம். மேலூட்டுப் பாப்பாயி வந்து சோறாக்கிட்டு இருக்கா. திடீருன்னு அவளப் போன்னு சொல்ல முடியுமா?"

இருசாயி கல்லை எடுத்துவந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் மழுக்கிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கை அதற்கு இணங்கவில்லை. ஒவ்வொன்றாகத் துரு எடுத்து, தீட்டி, எண்ணெய் தடவிக் குழாயில் போட்டாள். அவன் ஒன்றை எடுத்து நகத்தில் வைத்துப் பார்த்தான்.

"ஒங்கையி ஒங்கையிதான்" என்றான். "வாரேன் புள்ள."

அவன் போனதும் சென்னம்மாள் கொதித்தாள். "ஒண்ணுலயாச்சும் முனைய ஒடிச்சுக் குடுத்திருக்கலாமில்ல!"

"மழுங்குன முள்ளு மீன் வாயக் கிழிச்சுட்டு வந்துரும். அது புண்ணோட கெடந்து சாவும். அது என்ன பாவம் பண்ணுச்சு?"

அன்று சாயங்காலம் அண்ணன் காட்டிலிருந்து வந்ததும், ஒரு கொட்டாய் போட்டுக்கொள்ள மேட்டுக்காட்டில் ஒரு மூலை கேட்டாள். காளியண்ணன் ஏன் என்று கேட்கவில்லை. மூங்கில் வெட்டப் போனான்.

யுத்தம் முடிகிற வரைக்கும் அவள் புருஷன் ஊர்க்காரர்கள் அந்தக் கொட்டாய்க்கு முள் கொண்டுவந்தார்கள். வெளியே நின்று கொடுத்தார்கள், வெளியே நின்று வாங்கிப் போனார்கள். "ஊருக்கு வாயேன்" என்று ஒருவரும் சொல்லவில்லை. அவளும் அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை. அர்த்தனாரி அதன் பிறகு நேரில் வரவில்லை. அவன் முள் வேறு யார் முள்ளோடாவது கலந்து வரும். ஈரத்தோடு கூரையில் செருகி வைத்ததால் ஏறிய துரு தனியாகத் தெரியும்.

அதையும் தீட்டித்தான் கொடுத்தாள்.